தெருநாய்க்கு ஊசி போட வந்தவர்கள்... மசினகுடியில் பார்த்தது என்ன?

பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசா. பைக்குள் ஒரு ஸ்டெதாஸ்கோப், இரண்டு செட் ஆபரேஷன் தியேட்டர் உடை, கொசு க்ரீம், அம்மா திணித்து அனுப்பிய மாத்திரை டப்பா. கூடவே, வெறிநாய்க்கடி தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொண்டதற்கான அட்டை. இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, ஐரோப்பா என்று பல நாடுகளில் கால்நடை மருத்துவம் படிக்கும் இளைஞர்கள் இப்படித்தான் கோவையில் வந்து இறங்கி, மேட்டுப்பாளையம் வழியாக நீலகிரிக்கு ஏறுகிறார்கள். வருவது ஊர் சுற்ற அல்ல. நம்ம தெருநாய்களுக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்யவும், தடுப்பூசி போடவும்!

'காசு வாங்காமல் வேலை செய்ய இவ்வளவு தூரமா?' என்று கேட்டால், காசு வாங்காதது மட்டுமல்ல, கையிலிருந்து கொடுத்துவிட்டும் வருகிறார்கள். விமான டிக்கெட், தங்குமிடம், பயிற்சிக் கட்டணம் எல்லாம் அவர்கள் செலவு. அதில் அவர்களுக்கும் லாபம் உண்டு. வளர்ந்த நாடுகளில் படிக்கும் ஒரு மாணவருக்குத் தன் கையால் கத்தி பிடித்து ஆபரேஷன் செய்யும் வாய்ப்பு அரிதாகத்தான் கிடைக்கும். இங்கே மூத்த டாக்டரின் மேற்பார்வையில் இரண்டே வாரத்தில் கை பழகிவிடுகிறது. நாய்க்குக் கருத்தடை, மாணவருக்குப் பயிற்சி, ஊருக்குப் பாதுகாப்பு. கணக்கு சரியாக நடந்தால் மூவருக்கும் நல்லது.

கணக்கு எல்லா இடத்திலும் சரியாக நடப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டிலிருந்து சேவை செய்ய வருவது இந்தியாவுக்குப் புதிதில்லை. அமெரிக்காவின் 'பீஸ் கோர்' இளைஞர்கள் 1961 முதல் 1976 வரை இங்கே கோழிப் பண்ணை, கிணறு, பள்ளிக்கூடம் என்று வேலை பார்த்தார்கள். ஜெர்மனி அரசு 2008ல் தொடங்கிய 'வெல்ட்வெர்ட்ஸ்' திட்டத்தில் 18 முதல் 28 வயதுவரை உள்ளவர்கள் இன்றும் வருகிறார்கள். இவற்றுக்கு நடுவே, 'இரண்டு வாரம் சேவை, நடுவில் தாஜ்மஹால்' என்று பேக்கேஜ் போட்டு விற்கும் வியாபாரமும் வளர்ந்துவிட்டது. குழந்தைகள் இல்லங்களுக்கு வாரம் ஒரு புது அக்கா, புது அண்ணன் வந்து கொஞ்சிவிட்டுப் போனால் அந்தக் குழந்தைகளின் மனசு என்ன ஆகும்? வெளிநாட்டு விருந்தாளிகளின் பணத்துக்காகவே பெற்றோர் உள்ள பிள்ளைகளையும் இல்லங்களில் சேர்க்கும் கொடுமை சில நாடுகளில் வெளிச்சத்துக்கு வந்தது. ஆஸ்திரேலியா 2018ல் நவீன அடிமைமுறைக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தபோது, இதையும் அடிமைமுறையின் ஒரு வடிவமாகவே அங்கே பேசினார்கள்.

நம் விசா விதியும் இதில் கறார்தான். இ-டூரிஸ்ட் விசாவில் வருபவர் அதிகபட்சம் ஒரு மாதம்தான் தன்னார்வப் பணி செய்யலாம். அதற்கு ஈடாக ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது.

நாய் விஷயத்தில் இந்தக் குறுகிய காலப் பணிக்கு ஓர் அர்த்தம் இருக்கிறது. காரணம், ரேபிஸ். அறிகுறி தெரிந்துவிட்டால் அநேகமாகப் பிழைக்க வழியே இல்லாத நோய். உலகில் ரேபிஸால் ஏற்படும் மரணங்களில் 36 சதவீதம் இந்தியாவில் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. சாவதில் பெரும்பங்கு 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள். மனிதர்களுக்கு இது வருவது 99 சதவீதம் நாயிடமிருந்து. ஒரு பகுதியிலுள்ள நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்கிறது மருத்துவம். இதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. வலை, ஊசி, ஐஸ் பெட்டி, ஓடத் தெம்புள்ள கால்கள். அவ்வளவுதான்!

பிரிட்டனைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் லூக் கேம்பிள் தொடங்கிய 'மிஷன் ரேபிஸ்' அமைப்பு, 2013 செப்டம்பரில் இந்தியாவில்தான் முதல் முகாமை நடத்தியது. வெளிநாட்டுத் தன்னார்வலர்களும் உள்ளூர்க்காரர்களும் சேர்ந்து ஒரே மாதத்தில் 50,000க்கும் மேற்பட்ட நாய்களுக்கு ஊசி போட்டார்கள். பிறகு கோவா அரசோடு கைகோத்து ஆண்டுதோறும் தொடர்ந்தார்கள். அங்கே நாய்களிடையே ரேபிஸ் 92 சதவீதம் குறைந்ததாக 2022ல் வெளியான ஆய்வு சொல்கிறது. 2021ல் 'ரேபிஸ் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி' என அறிவிக்கப்பட்ட முதல் மாநிலம் கோவா. தொடர்ந்து செய்ததும், அரசு கூட நின்றதும்தான் அதற்குக் காரணம். இரண்டு வாரம் வந்துபோகும் மாணவர் அந்த நீண்ட சங்கிலியில் ஒரு கண்ணி, அவ்வளவே. அதைப் புரிந்துகொண்டு வருபவர்கள்தான் இங்கே நன்றாக வேலை செய்கிறார்கள்.

ஒரு ஜனவரி மாதம். ஊட்டியில் உறைபனி விழும் நேரம். அங்கே ஒரு விலங்கு நல மையத்தில் பயிற்சிக்கு வந்திருந்த ஆறு பேர் கொண்ட குழு. அதில் ஒருத்தி இங்கிலாந்துப் பெண், 22 வயது. முதல் வாரத்திலேயே 'அண்ணா', 'போதும்', 'காரம் வேண்டாம்' மூன்றும் கற்றுக்கொண்டிருந்தாள். திங்கள் முதல் சனி வரை ஆபரேஷன். பிடித்துக்கொண்டு வரும் நாயை எடை போட்டு, மயக்க மருந்து கொடுத்து, கருப்பையை அகற்றி, தையல் போட்டு, ரேபிஸ் ஊசி போட்டு, அடையாளத்துக்குக் காதில் சின்னதாக ஒரு வெட்டு. தெருவில் காது நுனி வெட்டுப்பட்ட நாயைப் பார்த்து, 'யாரோ கொடுமைப்படுத்தியிருக்கிறார்கள்' என்று பதறுபவர்கள் உண்டு. அது ஆபரேஷன் முடிந்துவிட்டது என்பதற்கான முத்திரை. குணமானதும் பிடித்த அதே தெருவில் விட வேண்டும் என்பது விதி.

ஞாயிறு விடுமுறை. ஆறு பேரும் ஒரே குரலில் கேட்டது, புலி!

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இரண்டு வழி. கூடலூர் சுற்றிப் போவது ஒன்று. தலைகுந்தாவில் பிரிந்து கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குவது இன்னொன்று. இரண்டாவதில் தூரம் பாதிகூட இல்லை. ஆனால், சரிவு பயங்கரம். 2018ல் நடந்த ஒரு கோர விபத்துக்குப் பிறகு வெளியூர் வண்டிகள் அந்தப் பாதையில் இறங்க அனுமதி இல்லை. நீலகிரிப் பதிவு எண் வண்டி, பழகிய டிரைவர் என்றால் மட்டுமே போகலாம். இவர்களுக்கு இரண்டும் இருந்தன. டிரைவர் அந்தப் பக்கத்துக்காரர். ஐம்பதைத் தாண்டியவர். பிரேக்கைவிட கியரை நம்புகிறவர்.

வழியில் வண்டியை நிறுத்தியபோது முதல் 'வனவிலங்கு' தரிசனம் கிடைத்தது. ஒரு நாட்டுக்குரங்கு ஜன்னல் வழியாகக் கையை விட்டு பிஸ்கட் பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போயே போய்விட்டது. பின்சீட்டில் ஒரே சிரிப்பு. அந்தப் பெண் மட்டும் பக்கத்தில் இருந்தவனின் கையைப் பிடித்து, நகக்கீறல் இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கால்நடை மருத்துவப் புத்தி! குரங்கு கடித்தாலும் கீறினாலும் ரேபிஸ் தடுப்பூசி போட்டே ஆக வேண்டும். (நாயோ, பூனையோ, குரங்கோ, எது கடித்தாலும் முதல் வேலை, ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவுவது. மஞ்சள், மிளகாய்த்தூள், காபித்தூள் எதையும் அப்பக் கூடாது. உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.)

கல்லட்டி இறங்கியதும் குளிர் போய்விடுகிறது. மேலே தைலமரமும் தேயிலையும் பார்த்த கண்ணுக்குக் கீழே முள்காடும் காய்ந்த புல்லும். சாலை ஓரம் முழுக்கச் சின்னச் சின்ன வண்ணப் பூக்களோடு உண்ணிச்செடிப் புதர். அதன் குச்சிகளைக் கொண்டு பழங்குடி மக்கள் செய்த ஆளுயர யானைகளை 2021ல் லண்டன் க்ரீன் பார்க்கில் வைத்திருந்தார்கள். பள்ளியில் படித்தபோது அந்தப் பெண் அவற்றின் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்திருக்கிறாள். அந்த யானைகளைச் செய்தவர்களின் ஊர் இந்த மலைதான் என்று அப்போது தெரியாது. உண்ணிச்செடியை அழகுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்கள் ஆங்கிலேயர்கள். 1800களின் தொடக்கத்தில் வந்த செடி, இன்று காட்டுக்குள் புல்லை வளரவிடாமல் மானுக்கும் யானைக்கும் தீனி இல்லாமல் அடிக்கிறது. அதை வெட்டி யானை பொம்மை செய்து லண்டனுக்கே அனுப்பியதை நல்ல பதிலடி என்றே சொல்லலாம்.

முதுமலை 1940ல் சரணாலயமானது. 2007ல் புலிகள் காப்பகம். பரப்பு சுமார் 688 சதுர கிலோமீட்டர். வடக்கே கர்நாடகத்தின் பந்திப்பூர், மேற்கே கேரளத்தின் வயநாடு. மூன்று மாநிலம் என்பது நமக்குத்தான். யானைக்கு ஒரே காடு.

மசினகுடியிலிருந்து தெப்பக்காடு போகும் சாலையில்தான் அது நடந்தது. முன்னால் போன லாரி மெதுவாகி நின்றது. டிரைவர் முப்பது மீட்டருக்கு முன்பாகவே வண்டியை நிறுத்தினார். இடதுபுறப் புதர் அசைந்தது. ஒரு பெண் யானை சாலையில் வந்து நின்று இரண்டு பக்கமும் பார்த்தது. அதன் பின்னால் இன்னும் மூன்று. நடுவில், அம்மாவின் காலுக்குள் காலாகச் சிக்கிக்கொண்டு ஒரு குட்டி.

வண்டிக்குள் மூச்சு நின்றது. அந்தப் பெண் போனை எடுத்து ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள்.

"கையை உள்ள இழுத்துக்கங்கம்மா. குட்டி இருக்கு" என்றார் டிரைவர். சத்தமில்லாமல், முகத்தைத் திருப்பாமல்.

அந்த நேரம் பார்த்து பின்னால் வந்த கார் ஒன்று ஹாரன் அடித்தது. அடித்ததோடு விடாமல் ஒதுங்கி முன்னால் வந்தது. முன்சீட்டு இளைஞர் கதவைத் திறந்துகொண்டு இறங்கி, யானைக்கு முதுகைக் காட்டி செல்ஃபிக்குக் கையை உயர்த்தினார். முன்னால் நின்ற பெரிய யானை காதை விரித்தது. தும்பிக்கையைச் சுருட்டியது. பிளிறலோடு பத்தடி ஓடிவந்து, புழுதி பறக்க நின்றது. இளைஞர் எப்படிக் காருக்குள் போனார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. போன் சாலையில் கிடந்தது.

இவர்களுடைய டிரைவர் ஒன்றும் செய்யவில்லை. இன்ஜினை அணைக்கவில்லை, ஹாரன் அடிக்கவில்லை, லைட் போடவில்லை. வண்டியை ரிவர்ஸில் அங்குலம் அங்குலமாகப் பின்னால் எடுத்தார். யானை அதையே பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு, சந்தேகம் தீர்ந்ததுபோல் காதை மடக்கிக்கொண்டு சாலையோரப் புல்லைப் பிடுங்க ஆரம்பித்தது.

"அண்ணா, எவ்ளோ நேரம்?"

"அதுங்க மேஞ்சு முடிக்கற வரைக்கும்மா."

நாற்பது நிமிடம் ஆனது. அந்த நாற்பது நிமிடத்தில் அவர் சொல்லித் தந்தது, எந்தக் கையேட்டிலும் இத்தனை தெளிவாக இருக்காது. ஓடிவந்து பாதியில் நின்றால் அது மிரட்டல். காதை ஒட்டிக்கொண்டு, தும்பிக்கையை உள்ளே மடக்கி, சத்தமே இல்லாமல் வந்தால் அது விளையாட்டில்லை. ஒற்றையாக நிற்கும் ஆண் யானைக்குக் கண்ணுக்கும் காதுக்கும் நடுவே நீர் வழிந்த கறை இருந்தால் அந்த வழியே வேண்டாம். கூட்டம் கடந்துவிட்டது என்று நினைத்து உடனே வண்டியை எடுக்கக் கூடாது. கடைசியாக ஒன்று பின்தங்கி வரும்.

இதெல்லாம் தெரியாததன் விலை பெரிது. 2025 பிப்ரவரியில் வால்பாறை மலைச்சாலையில், எச்சரித்தும் கேட்காமல் யானை நின்ற இடத்தைப் பைக்கில் கடக்க முயன்ற ஜெர்மனி நாட்டுப் பயணி உயிரிழந்தார். 77 வயது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் பந்திப்பூர் சாலையில் செல்ஃபி எடுக்கப் போனவரை யானை துரத்தி மிதித்த வீடியோவைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அவர் பிழைத்தது அதிசயம். வனத்துறை 25,000 ரூபாய் அபராதமும் போட்டது.

யானையின் பக்கத்துக் கணக்கையும் பார்க்க வேண்டும். மசினகுடியை ஒட்டிய சீகூர் பகுதி யானைகளின் வலசைப் பாதை. அங்கே முளைத்த ரிசார்ட்டுகள் தொடர்பான வழக்கில், யானை வழித்தடம் வழித்தடமாகவே இருக்க வேண்டும் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த மூன்றே மாதத்தில், மசினகுடியில் ஒரு தங்கும் விடுதிப் பக்கம் வந்த ஆண் யானையின் மீது எரியும் துணியை வீசினார்கள். காது கருகி, காயம் புழுத்து, சிகிச்சைக்காக லாரியில் கொண்டுபோகும் வழியிலேயே 2021 ஜனவரி 19ல் அது செத்துப்போனது. அதன் தும்பிக்கையைப் பிடித்துக்கொண்டு வனத்துறை ஊழியர் ஒருவர் கதறி அழுத காட்சி யாருக்கும் மறக்காது. சாலையில் நம்மைப் பார்த்ததும் யானை ஏன் காதை விரிக்கிறது என்பதற்கு அதனிடமும் காரணம் இருக்கிறது.

தெப்பக்காட்டில் வனத்துறை வண்டியில் சஃபாரி. காட்டு மாடு, புள்ளிமான், மயில், மலை அணில் எல்லாம் வந்தன. ஓரிடத்தில் மான் விடாமல் கத்தியது. வண்டியே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. புலி வரவில்லை. ஆறு பேருக்கும் முகம் வாடிவிட்டது. யானை முகாமில் 'தி எலிபென்ட் விஸ்பரர்ஸ்' ஆவணப்படத்தின் ரகுவும் பொம்மியும் வளர்ந்த இடத்தைப் பார்த்ததில் கொஞ்சம் ஆறுதல். 2023ல் ஆஸ்கர் வாங்கிய படம் என்பதால் இந்த முகாம் வெளிநாட்டவருக்கும் இப்போது பழகிய பெயர்.

உண்மையில் அன்றைய நாளின் பெரிய காட்சி அதற்கப்புறம்தான். அதை முதலில் யாரும் கண்டுகொள்ளவில்லை.

திரும்பும்போது மாயாறு பக்கம் டீ குடிக்க நிறுத்தினார்கள். வானத்தில் மிக உயரத்தில் ஐந்தாறு பெரிய பறவைகள், சிறகை அசைக்காமல் வட்டமடித்தன. "பாறு" என்றார் டிரைவர், டீ கிளாஸால் காட்டி. சிறுவயதில் மாடு செத்தால் ஊருக்கு வெளியே போட்டுவிட்டு வருவார்களாம். எங்கிருந்துதான் வருமோ, நூற்றுக்கணக்கில் வந்து இறங்கும். சாயங்காலத்துக்குள் எலும்புதான் மிச்சம். இப்போது இந்தப் பள்ளத்தாக்கில் பார்த்தால்தான் உண்டு என்றார்.

அந்தப் பெண் பைனாகுலரை எடுத்தாள். வெண்முதுகுப் பாறு. வகுப்பில் படித்தது, பரீட்சையில் எழுதியது, நேரில் பார்த்ததில்லை. யானைக்குக் கத்தாதவள் இதற்குக் கத்திவிட்டாள்.

நம்மில் பலருக்குப் பிணந்தின்னிக் கழுகு என்றால் முகம் சுளிக்கும். ஆனால், சீதையைக் காக்கச் சிறகை இழந்த சடாயு இந்த இனம்தான் என்றுதான் நம் பெரியவர்கள் சொல்லிவந்தார்கள். திருக்கழுக்குன்றத்தில் தினமும் உச்சிப் பொழுதில் பொங்கல் சாப்பிட வந்த 'கழுகு'களும் மஞ்சள்முகப் பாறு என்ற வகைதான். 1990களின் பிற்பகுதிக்குப் பிறகு அவை வருவதில்லை. காசிக்குப் போய்விட்டன, கலி முற்றிவிட்டது என்றெல்லாம் பேசினார்கள்.

நாடு முழுக்கப் பாறுகள் அழிந்ததற்குக் காரணம் கலி அல்ல. டைக்ளோஃபினாக்! மூட்டுவலிக்கு நாம் சாப்பிடும் அதே வலிநிவாரணி. காய்ச்சல், வீக்கம் என்று மாட்டுக்கு அதை ஊசியாகப் போட்டார்கள். மாடு செத்தால் மருந்து உடலில் தங்கும். அந்த இறைச்சியைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் செயலிழந்து, ஓரிரு நாளில் தலை தொங்கி மரத்திலிருந்து விழும். 1992க்கும் 2007க்கும் இடையே இந்தியாவில் வெண்முதுகுப் பாறு 99.9 சதவீதம் அழிந்தது. செத்த மாடுகளில் நூற்றில் ஒன்றுக்கும் குறைவானதில் இந்த மருந்து இருந்தாலே இத்தனை அழிவுக்குப் போதும் என்பது அதிரவைக்கும் கணக்கு. 2004ல்தான் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். 2006ல் கால்நடைக்கு இந்த மருந்து தடை செய்யப்பட்டது. மனிதர்களுக்கான பெரிய பாட்டில்களை வாங்கி மாட்டுக்குப் போட்டதால், 2015ல் 3 மில்லிக்கு மேல் ஊசி மருந்தாக அடைக்கக் கூடாது என்று அதற்கும் கட்டுப்பாடு வந்தது.

சரி, நாய்க்கு ஊசி போட வந்தவர்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பாறு இல்லாத ஊரில் செத்த மாடு கிடந்து நாறும். அதைத் தின்ன நாய் வரும். தின்னக் கிடைத்தால் நாய் பெருகும். நாய் பெருகினால் கடி பெருகும், கடியோடு ரேபிஸும். 2008ல் வெளியான ஓர் ஆய்வு, பாறுகளின் அழிவால் கூடுதலாகச் சேர்ந்த நாய்க்கடிகள் 47,000க்கும் மேற்பட்ட ரேபிஸ் மரணங்களுக்குக் காரணமாகியிருக்கலாம் என்றது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் எயால் ஃப்ராங்க், வார்விக் பல்கலைக்கழகத்தின் அனந்த் சுதர்சன் இருவரும் 2024ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் பெரிய குண்டைப் போட்டது. பாறுகள் அதிகம் வாழ்ந்த மாவட்டங்களில் அவை போன பிறகு மனித இறப்பு விகிதம் 4 சதவீதத்துக்கும் மேல் உயர்ந்தது. 2000 முதல் 2005 வரை மட்டும் ஏறத்தாழ 5 லட்சம் கூடுதல் மரணங்கள். நாய்க்கடி, அழுகிய சடலங்களால் கெட்ட தண்ணீர், நோய்க்கிருமி எல்லாம் சேர்ந்த கணக்கு இது.

வானத்தில் அந்தப் பறவைகள் வட்டமடித்துக்கொண்டிருக்க, அந்தப் பெண் தன் நண்பர்களுக்கு இதை டீக்கடை பெஞ்சில் விரலால் வரைந்து காட்டினாள். மாடு, மருந்து, பாறு, நாய், குழந்தை. நேற்றுவரை ஒரு நாளைக்கு இத்தனை நாய் என்று எண்ணிக்கொண்டிருந்தவர்கள், அந்த எண்ணிக்கைக்கு முந்தைய கதையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். புலி வராத வருத்தம் எங்கே போனது என்று தெரியவில்லை. டிரைவர் இரண்டாவது டீ சொன்னார். 'மாட்டுக்கு அந்த ஊசி போடாதீங்கன்னு எங்க ஊர்லயும் வந்து சொல்லிட்டுப் போனாங்க' என்றார். மாயாறு பள்ளத்தாக்கின் நீர்மருது மரங்களில் இந்தப் பறவைகள் இன்னும் கூடு கட்டுகின்றன என்றால், கோவையின் 'அருளகம்' போன்ற அமைப்புகளும் வனத்துறையும் கிராமம் கிராமமாக, மருந்துக்கடை மருந்துக்கடையாக ஏறி இறங்கியதற்கும் அதில் பங்குண்டு.

இருட்டுவதற்குள் மலையேறினார்கள். மசினகுடியில் 'நைட் சஃபாரி' என்று யாராவது காசு கேட்டால் கொடுத்துவிடாதீர்கள், அப்படி ஒன்றுக்கு அனுமதியே கிடையாது. முதுமலை-பந்திப்பூர் சாலையில் இரவு 9 முதல் காலை 6 மணிவரை போக்குவரத்துக்கே தடை. நீலகிரிக்குள் வர 2024 மே மாதம் முதல் இ-பாஸ் கட்டாயம் என்பதையும் வெளியூரிலிருந்து கிளம்பும் முன் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

திங்கள் காலை. மையத்தில் அன்றைய பட்டியலில் 14 நாய்கள். முதல் நாய்க்கு மயக்கம் கொடுக்கும் முன், அந்தப் பெண் மருந்து அலமாரியைத் திறந்து வலிநிவாரணி பாட்டிலை எடுத்து லேபிளைத் திருப்பிப் பார்த்தாள். போன வாரம் பார்க்காமலே ஊசியில் ஏற்றிய மருந்துதான். மெலாக்சிகாம் என்று எழுதியிருந்தது. பாறுகளுக்கு ஆபத்தில்லாத மருந்து. எடையைக் கேட்டுக்கொண்டு அளவைக் கணக்குப் போட ஆரம்பித்தாள்.